ஆந்தை தேய்த்த வருஷம்

சலவைக் கடை வைத்தியரிடம் ஒரு சட்டையைக் கொடுக்கப் போனால் ஒரு கதையையும் கேட்டுவிட்டுத்தான் திரும்ப முடியும். கதைக்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. அவசரமாகப் போகணும் என்று சொல்லிப் பார்க்கலாம். "அவசரத்துக்குன்னே ஒரு கதை வெச்சிருக்கேங்க" என்று அதற்கும் மடக்கிவிடுவார்.

வைத்தியர் என்பது தெரு வைத்த பெயர். மனிதர்கள் யாருக்கும் அவர் வைத்தியம் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று அவரே சொல்வார். அவருடைய நோயாளிகள் எல்லாம் துணிகள். காலரில் மை, மடியில் டீ, முழங்காலில் கிரீஸ் என்று எதை நீட்டினாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், ஒற்றைக் கண்ணை மூடிக்கொள்வார், மோந்து பார்ப்பார். பிறகு, இது இன்ன கறை, இது விழுந்த அன்றே யாரோ சுடுதண்ணீர் ஊற்றிக் காரியத்தைக் கெடுத்திருக்கிறார்கள் என்பது வரை புட்டுப்புட்டு வைப்பார். எதிர்ச்சாரியில் நடந்து போகிறவரின் சட்டைக்கையில் இருக்கும் புள்ளி அவருக்கு இங்கிருந்தே தெரியும். அப்படிப்பட்ட கண். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் ஆந்தை தேய்த்த அந்த வருஷம் முழுக்க அவர் கடைக்குள் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மேதாவி வெள்ளியில பணம் போட்ட கதை சொல்லட்டுமா?" என்று ஆரம்பிப்பார். சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும் அவர் மனைவி தலையைத் தூக்காமலே, "ஆரம்பிச்சாச்சு" என்பாள். மேதாவி யார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

கடை இரண்டே அறை. முன்னறையில் மேசையும், துணி மாட்டும் நீளக் கம்பிகளும். பின்னறையில் சலவை மெஷின், வைத்தியருடைய கறை எடுக்கும் மேசை, அதற்கு எதிரே அவர் மனைவியின் இஸ்திரி மேசை. கறை எடுப்பது அவர் பாடு, தேய்ப்பது அவள் பாடு என்று கல்யாணமான புதிதிலேயே பாகம் பிரித்தாகிவிட்டது. பிரித்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கறை எடுத்தவரைத் தெரு வைத்தியர் என்று கூப்பிட்டது. தேய்த்தவளுக்குத் தெரு ஒரு பெயரும் வைக்கவில்லை.

இஸ்திரிப் பெட்டி நல்ல கனம். காலையிலிருந்து அதைத் தள்ளித் தள்ளி அவளுக்கு வலது தோள்பட்டையில் வலி குடியேறியிருந்தது. அதற்கு ஒரே வழி ஸ்டீம் பிரஸ் மெஷின் என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்திருந்தார்கள். கீழே மெத்தை தைத்த பலகை, மேலே அண்ணாந்து நிற்கும் சூடான மூடி. சட்டையை விரித்துப் போட்டு, மூடியின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தால் உஸ்ஸென்று ஆவி கிளம்பும், சட்டை முடிந்தது. தள்ளவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். அதற்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தார்கள். சேர்த்தது ஒருவழியாகச் சின்ன மெஷினின் விலையைத் தொட்டது. அவள் அன்று இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "நாளைக்கே போய் மெஷினுக்குச் சொல்லிட்டு வந்துடுங்க" என்றாள்.

மறுநாள் அவர் போகவில்லை. மச்சினன் வந்துவிட்டான்.

மச்சினன் என்றால் அவளுடைய தம்பி. பார்சல் வண்டி ஓட்டுகிறவன். வண்டியில் போகும்போது ரேடியோவில் எதைக் கேட்டாலும், அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி அடுத்த கடையில் இறக்கிவிட்டுப் போவான். அன்று அவன் இறக்கியது வெள்ளி.

"மாமா, பணத்தைச் சும்மா வெச்சிருந்தா அது என்ன ஆகும் தெரியுமா?"

"என்ன ஆகும்? வெச்ச இடத்துலயே இருக்கும்."

"கரையும் மாமா. விலைவாசி ஏற ஏற உள்ளுக்குள்ளயே கரைஞ்சிட்டிருக்கும். நமக்குத் தெரியாது. வெள்ளி வாங்கிப் போடுங்க. தங்கமெல்லாம் நம்மளுக்கு எட்டாது. வெள்ளி இப்பதான் படுத்துக் கிடக்கு. எந்திரிச்சா நிக்காது."

"எந்திரிச்சா?"

"ஒரு வருஷம் விட்டு வித்தீங்கன்னா சின்ன மெஷின் என்ன, கோட்டு தேய்க்கிற பெரிய மெஷினே வந்து நிக்கும்."

வைத்தியருக்கு அந்த இடத்திலேயே தலைகால் புரியவில்லை. கோட்டு தேய்க்கிற பெரிய மெஷின். அது இந்தத் தெருவில் யாரிடமும் கிடையாது. வாசலில் அதற்கென்று ஒரு போர்டு வைப்பதா, இரண்டு வைப்பதா என்பது வரை மனக்கோட்டை எழும்பிவிட்டது. அவள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"எனக்குச் சின்னதே போதுங்க. இப்பவே வேணும்."

"ஒரு வருஷம்தானேம்மா. இத்தனை வருஷம் தேய்ச்சவளுக்கு இன்னும் ஒரு வருஷம் தேய்க்கத் தெரியாதா?"

வாடிக்கையாளர்களுக்குக் கதை சொல்லும்போது இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்தியர் விட்டுவிடுவார். மற்றபடி மச்சினன் பேசியதில் ஒரு எழுத்து குறையாது.

வெள்ளி வாங்கப் போன கதையை அவர் எழுந்து நின்றுதான் சொல்வார். நாணயக்கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு கண்ணாடி மேசை, ஒரு விளக்கு, மேசைக்குப் பின்னால் கனமான கண்ணாடி போட்ட ஒருவர். அதிகம் பேசாதவர். பேசினால் வெள்ளி தேய்ந்துவிடும் என்று நினைக்கிற மாதிரி இருப்பார். அவர் கறுப்பு வெல்வெட் துணியை விரித்து மூன்று சாமான்களை வரிசையாக வைத்தார்.

"இது கட்டி. எடைக்கு எடை இதுதான் மலிவு. இது சாதாரண நாணயம், கொஞ்சம் கூட. இது அரசாங்க அச்சுச்சாலையில அடிச்ச நாணயம். வேலைப்பாடு ஜாஸ்தி, செய்கூலி ஜாஸ்தி. மூணுமே சுத்த வெள்ளிதான். ஒரு வருஷத்துல விக்கிறதா இருந்தா கட்டியே போதும்."

தெளிவாகத்தான் சொன்னார். நாலு பேர் நல்ல யோசனை சொன்னால் அதைத் தவிர மற்றதைச் செய்வது வைத்தியரின் சுபாவம். ஒருவரே சொல்லிவிட்டதால் வேலை இன்னும் சுலபமாகிவிட்டது. மூன்றாவது நாணயத்தைப் பார்த்தார். கிளையில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆந்தை. இறக்கையில் இறகு இறகாகக் கோடு. கழுத்துக்கடியில் மீன்முள் நெசவு போட்ட உயர்தரக் கோட்டுத் துணி மாதிரி, ஒரு கோடு இந்தப் பக்கம் சாய, அடுத்தது அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு நெசவைத் துணியில்கூட அவர் பார்த்ததில்லை.

"இதையே குடுங்க."

"இதுக்குக் கூடுதலா குடுக்கிற காசு, திருப்பி விக்கும்போது வரணும்னா நாணயம் இப்படியே இருக்கணும். கை படக்கூடாது. நாணயம் இருக்கிற இந்தப் பிளாஸ்டிக் டப்பாவைத் திறக்கவே கூடாது."

"துணி விஷயத்துல எனக்கு இதைச் சொல்றீங்களா!" என்று சிரித்தார் வைத்தியர். நாணயக்காரர் கண்ணாடிக்கு மேலாக அவரை ஒருமுறை பார்த்தார். இது துணி இல்லையே என்று சொல்ல வந்து, வியாபாரம் கெடும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

அதோடு முடிந்ததா? நூல் எண்ணுகிற சின்ன பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். ஒவ்வோர் ஆந்தையையும் டப்பாவோடு விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். ஒன்றின் அலகுக்குப் பக்கத்தில் மயிரிழைக் கீறல், வேண்டாம். இன்னொன்றின் கிளையில் தூசி மாதிரி ஏதோ, மாற்றுங்கள். சலவையிலிருந்து வந்த கோட்டை வாங்க மறுக்கும் வாடிக்கையாளர்களை வாழ்க்கை முழுக்கத் திட்டியவர், அன்று அவர்கள் அத்தனை பேருக்கும் தலைவராக உட்கார்ந்திருந்தார். கூட வந்திருந்த மச்சினன் இரண்டு தடவை வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தான். நாணயக்காரர் உள்ளறையிலிருந்து இன்னொரு தட்டு கொண்டுவந்து வைத்துவிட்டு, "இது சட்டை இல்லீங்க" என்று ஒருவழியாகச் சொல்லியே விட்டார்.

"தெரியும். அதனாலதான் கவனமா பார்க்கிறேன்" என்றார் வைத்தியர்.

சின்ன மெஷின் அத்தனையும் ஆந்தைகளாக மாறி ஒரு பொத்தான் டப்பாவுக்குள் அடங்கியது. பின்னறை அலமாரியில் அதை வைத்துப் பூட்டினார். அவள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு" என்றாள். திரும்பிப் போய் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

வாங்கி வைத்தவர் சும்மா இருந்திருக்கலாம். ஊரில் எத்தனையோ பேர் எதையெதையோ வாங்கி வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். வைத்தியருக்கு வாரம் ஒருமுறை ஆந்தைகளைப் பார்த்தாக வேண்டும். அலமாரியைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் அது கண்ணில் பட்டது. ஓர் ஆந்தையின் மார்பில், இறகுகளுக்கு நடுவில், பால் தெறித்தது மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி.

முதலில் டப்பாவின் மேல் இருக்கிறது என்று நினைத்துத் துடைத்தார். டப்பாவில் இல்லை. உள்ளே. அடுத்ததை எடுத்தார். அதில் இரண்டு.

வைத்தியருடைய கடையில், வைத்தியருடைய அலமாரியில், கறை. திருடன் வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தால்கூட அவ்வளவு மானம் போயிருக்காது. அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாணயக்காரரைப் போய்க் கேட்கலாமே என்று மச்சினன் சொன்னான். கறையைப் பற்றி இன்னொருத்தனிடம் போய்க் கேட்பதா? அதற்குக் கடையை மூடிவிட்டு உட்காரலாம்.

"கறையை விட்டு வெச்சா அது குடும்பம் நடத்த ஆரம்பிச்சுடும். இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு நாலு" என்றார். இருபது வருஷமாக வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வசனம் அது.

டப்பாவைத் திறந்தார்.

அவருடைய தொழிலில் முதல் விதி, எந்த மருந்தையும் நேராகக் கறைமேல் போடக்கூடாது. உள்மடிப்பில், வெளியே தெரியாத ஓரத்தில், ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். துணி தாங்குகிறதா, சாயம் போகிறதா என்று தெரிந்த பிறகுதான் முகப்பில் கை வைக்கலாம். ஆந்தையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உள்மடிப்பைத் தேடினார். நாணயத்துக்கு உள்மடிப்பு இல்லை. முன்னாலும் முகம், பின்னாலும் முகம். கடைசியில் ஓரத்து வரிப்பள்ளத்தில் ஒரு சொட்டு விட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தாலும் அந்த வரிப்பள்ளத்தில் என்ன தெரியப்போகிறது என்று அந்த மேதாவி யோசிக்கவில்லை.

முதல் மருந்துக்குப் புள்ளி அசையவில்லை. இரண்டாவதுக்கும் அசையவில்லை. அசையாத கறையைக் கண்டால் வைத்தியருக்கு வெறி வந்துவிடும். மாவு மாதிரி ஒரு பொடியைக் குழைத்து, மெல்லிய துணியை விரலில் சுற்றி, வட்டம் வட்டமாகத் தேய்த்தார். புள்ளி போனது. ஆந்தை கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதில் தன் மூக்கே தெரிந்ததைப் பார்த்து, "பார்த்தியா!" என்று எதிர்மேசையைப் பார்த்துக் கத்தினார். அவள் இடது கையால் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னங்க, அந்தத் துணிக் கம்பியைக் கொஞ்சம் கீழ இறக்கி அடிச்சுக் குடுங்களேன். மாட்ட முடியல."

"ஆகட்டும், ஆகட்டும். இதைப் பாரேன் முதல்ல."

சுத்தமான ஓர் ஆந்தையைப் பழைய ஆந்தைகளோடு வைத்தார். அங்கேதான் வந்தது வினை. கோட்டில் ஒரு கையை மட்டும் சுத்தம் செய்தால் மறு கை அழுக்காகத் தெரியும், பிறகு முழுக் கோட்டையும் செய்துதான் ஆக வேண்டும். இது சலவைக்காரன் எவனுக்கும் தெரிந்த சங்கதி. பளபளத்த ஆந்தைக்குப் பக்கத்தில் புள்ளியே இல்லாத ஆந்தைகளும் மங்கலாகத் தெரிந்தன. நேற்றுவரை அவை வெள்ளி. இன்று அழுக்கு. பொத்தான் டப்பா முழுவதையும் மேசைமேல் கவிழ்த்தார்.

அதன்பின் வந்த மாதங்களில், கறை மேசையில் துணி இருந்த நேரத்தைவிட ஆந்தை இருந்த நேரம் அதிகம். ஒரு சுற்று முடிந்தால், முதலில் தேய்த்தது கடைசியாகத் தேய்த்ததைவிடக் கொஞ்சம் மட்டமாகத் தெரியும். மறுபடி முதலிலிருந்து. இறகுக் கோடுகளுக்குள் பொடி போய் அடைந்துகொண்டது, அதை எடுக்கப் பிரஷ் போட்டார். பிரஷ் போட்டதில் மெல்லிய கோடு விழுந்தது, கோடு மறையத் தேய்த்தார். எதிர்மேசையில் அவள் உயரத் தட்டிலிருந்த துணிகளைக் கீழ்த் தட்டுக்கு மாற்றி வைத்தாள். இடது கையால் தலை வாரிக்கொள்ள ஆரம்பித்தாள். "என்ன, புது ஸ்டைலா?" என்று அவர் ஒருநாள் கிண்டல்கூடச் செய்தார். இரண்டு மூன்று முறை அவள் ஏதோ சொல்ல வந்தாள். "ஒரு நிமிஷம், இந்த ஒரு இறக்கை" என்றார்.

மச்சினன் பார்சல் இறக்க வந்தபோது ஒரு நாணயத்தை எடுத்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான்.

"மாமா, ஆந்தை எங்க?"

"அதுதான்டா ஆந்தை."

"இறக்கையே இல்லையே. அக்கா, இங்க வா. இது என்னன்னு சொல்லு?"

அவள் வந்து பார்த்தாள். "கோழி" என்றாள். பிறகு, தம்பி சிரித்த சிரிப்பில் அவளும் சிரித்தாள். "குளிச்சுட்டு வந்த கோழி."

இந்த இடத்தில் கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். வைத்தியர் அவர்களைவிட உரக்கச் சிரிப்பார்.

வருஷம் முடிந்தது. வெள்ளி உண்மையாகவே எழுந்து நின்றிருந்தது. மச்சினனுக்கே அது ஆச்சரியம். வைத்தியர் இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தான் டப்பாவோடு மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்தார். நாணயக்காரர் வெல்வெட்டை விரித்தார். ஒன்றை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதை யார் தேய்ச்சது?"

"நான்தாங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஒண்ணுகூட விடல."

"நல்லா தேய்ச்சிருக்கீங்க."

"நன்றிங்க."

"ரொம்ப நல்லா தேய்ச்சிருக்கீங்க" என்றார் நாணயக்காரர் மறுபடியும். அப்போதுதான் அது பாராட்டு இல்லை என்று வைத்தியருக்குப் பட்டது.

"புள்ளி விழுந்துச்சுங்க. அதான்."

"புள்ளி விழும். அது வெள்ளியோட குணம். நல்ல விலைக்கு விக்கிற நாணயத்துலயே விழும். புள்ளியோட கொண்டுவந்திருந்தா புள்ளியோடயே வாங்கியிருப்பேன், துளி குறைச்சுக் குடுத்திருப்பேன், அவ்வளவுதான். தேய்ச்சதை யாரும் நாணயமா வாங்கமாட்டாங்க. இது இனி உருக்கத்தான். கட்டி விலைக்கும் கொஞ்சம் கீழதான் வரும்."

"அப்ப அந்தச் செய்கூலி?"

"அதைத்தான் நீங்க தேய்ச்சுட்டீங்களே" என்றார் நாணயக்காரர். கிண்டல் இல்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

உருக்குகிற விலைக்குத்தான் எடை போட்டார். எடையும் கொஞ்சம் குறைந்திருந்தது. ஒரு வருஷமாக விரல் துணியில் ஒட்டிக்கொண்டு போன ஆந்தை இறகுகள் எல்லாம் அந்தக் குறைவில் இருந்தன. ஆனாலும் வெள்ளி ஏறியிருந்ததால் போட்ட முதலுக்கு மேலேயே கொஞ்சம் வந்தது. வைத்தியருக்குப் போன உயிர் திரும்பியது. நஷ்டம் இல்லை! நேராக மெஷின் கடைக்குப் போனார். அங்கே பெரிய மெஷினின் விலையைக் கேட்கக்கூடத் தைரியம் வரவில்லை. சின்ன மெஷின் விலையும் ஏறியிருந்தது. கையில் இருந்ததை எண்ணிக் கொடுத்துச் சின்ன மெஷினுக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது மிஞ்சியது அவருக்கும் மச்சினனுக்கும் ஆளுக்கொரு டீ.

"ஒரு வருஷ முதலீட்டுல ரெண்டு டீ லாபங்க. அதுலயும் ஒண்ணை மச்சினன் குடிச்சுட்டான்" என்று முடிப்பார். கதை இவ்வளவுதான். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டையை வாங்கிக்கொண்டு போவார்கள்.

மெஷின் வந்த அன்று நடந்ததை அவர் யாருக்கும் சொல்வதில்லை.

மெக்கானிக் வந்து இஸ்திரி மேசை இருந்த இடத்தில் மெஷினை நிறுத்தி, ஆவிக் குழாயை மாட்டி, ஓட்டிக் காட்டிவிட்டுப் போனான். வைத்தியர் தன் கோமாளித்தனத்தையெல்லாம் மறந்து ஒரு மாதிரி நெகிழ்ந்துபோயிருந்தார். எப்படியோ, சொன்னது வந்துவிட்டது. வெள்ளைச் சட்டை ஒன்றைத் தானே எடுத்துப் பலகையில் விரித்தார். "வா. முதல் சட்டை நீதான் போடணும்" என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். மூடியின் கைப்பிடி அவள் தலை உயரத்தில் இருந்தது. வலது கையைத் தூக்கினாள். தோள் மட்டத்துக்கு வந்து நின்றது. இடது கையை முழங்கைக்குக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். கை போகவில்லை. உடம்பு சாய்ந்ததே தவிரக் கை போகவில்லை.

"என்னாச்சு?"

"அதுக்கு மேல போகாதுங்க."

"வலிக்குதா?"

"முன்னாடி வலிச்சுது. இப்ப வலிகூட இல்ல. போகமாட்டேங்குது."

"எப்பலேருந்து?"

"ரொம்ப நாளா."

"என்கிட்ட சொல்லவே இல்லையே நீ!"

"சொன்னேனே" என்றாள். குரலில் கோபம் இல்லை. சட்டையின் காலரை இடது கையால் நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க ஆந்தை தேய்ச்சிட்டிருந்தீங்க."

எதிர்ச்சாரிப் புள்ளியைப் பார்க்கிற கண்ணுக்கு எதிர்மேசை தெரியவில்லை. கீழ்த் தட்டுக்கு வந்த துணிகள், இடது கைச் சீப்பு, கம்பியை இறக்கச் சொன்னது, எல்லாம் அவர் கண்ணெதிரே நடந்தவை. கண்டமேனிக்குத் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் திட்டினால் அதுவும் ஒரு வேடிக்கையாகிவிடும், அவள் சிரித்தாலும் சிரித்துவிடுவாள் என்று பயமாக இருந்தது. அன்று அவள் சிரிப்பதை அவரால் தாங்க முடிந்திருக்காது.

மறுநாள் நிஜ வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் அவள் கையைப் பக்கவாட்டில் ஒருமுறை, முன்னால் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். தோள் இறுகிப்போய்விட்டது, பயிற்சி செய்தால் கொஞ்சம் கொஞ்சமாக வரும், பழைய மாதிரி முழுக்க வருமா என்று சொல்ல முடியாது என்றார். "இஸ்திரி வேலையைப் போன வருஷமே நிறுத்தியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றார்.

இப்போது மெஷினை அவர்தான் இழுக்கிறார். கறை மேசைக்கும் மெஷினுக்கும் நடுவில் நாள் முழுக்க ஓட்டம். அவள் முன்னறையில் பொத்தான் தைக்கிறாள், துணி வாங்கிப் போடுகிறாள், காலையிலும் மாலையிலும் சுவரில் விரலால் ஏறி ஏறிக் கைக்குப் பயிற்சி செய்கிறாள். போன மாதத்தைவிட ஒரு விரற்கடை மேலே போகிறது என்று சொல்கிறாள். அந்த இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார் வைத்தியர். சுவர் அழுக்காகிறதே என்று அவள்தான் சொன்னாள். இருக்கட்டும் என்றுவிட்டார்.

முன்னறைத் துணிக் கம்பிகள் எல்லாவற்றையும் கழற்றி, அவள் கை எட்டுகிற அளவுக்கு இறக்கி அடித்திருக்கிறார். கொஞ்சம் உயரமானவர்கள் யார் உள்ளே வந்தாலும் நெற்றியில் கம்பி இடிக்கும். ஒருநாள் அப்படித்தான், ஆந்தைக் கதை கேட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பிய ஒருவர் நன்றாக இடித்துக்கொண்டார்.

"என்னங்க இது, கம்பியை இவ்வளவு தாழ்வாவா அடிப்பாங்க?"

"தப்பு என்னுதுங்க" என்றார் வைத்தியர். "போன வருஷமே இறக்கியிருக்கணும்."

இடித்துக்கொண்டவருக்கு ஒன்றும் புரியவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டே குனிந்து வெளியே போனார்.